யந்திர ஆசானும் வானக் காவலரும்

விமானங்களைத் தரையிலிருந்து நடத்தி வைக்கும் கட்டுப்பாட்டு அதிகாரிகளைச் செயற்கை நுண்ணறிவு யந்திரங்களைக் கொண்டு பழக்கலாம் என்ற யோசனை, ஆராய்ச்சிக் கூடங்களை விட்டு வெளியேறி, சர்க்கார்களின் காரியாலயங்களில் பிரஸ்தாபிக்கப்படும் நிலைக்கு வந்திருக்கிறது. ஆள் பற்றாக்குறையால் அல்லற்படும் அமெரிக்காவில் இது பெரிய பேச்சாக இருக்கிறது. ஐரோப்பாவில் பல வருஷங்களாக இது குறித்துப் பரிசோதனைகள் நடந்து வருகின்றன. நம் நாட்டிலும் விமானப் போக்குவரத்து வளர வளர இந்த யோசனை நம் வாசலை வந்து தட்டாமல் இராது. சிலர் இதனைச் சகல நோய்க்கும் சஞ்சீவி என்கின்றனர். வேறு சிலர் மனித உயிரை யந்திரத்தினிடம் பணயம் வைப்பதாகும் என்று அஞ்சுகின்றனர். நமக்கு இரு கூற்றும் உடன்பாடல்ல. யந்திரத்திற்கு இவ்விஷயத்தில் ஓர் இடமுண்டு. அந்த இடம் எது, அதன் எல்லை எது என்பதை முன்கூட்டியே வரையறுத்துக்கொள்ளாவிட்டால், பின்னர் வருந்திப் பயனில்லை.

தொழிலின் தன்மை

பிரயாணி விமானியை அறிவான். கட்டுப்பாட்டு அதிகாரியை அறியான். ஆனால் விமானம் நகரத் தொடங்கியது முதல், மறு ஊரில் இறங்கி நிற்கும் வரை, முகந்தெரியாத யாரோ ஒருவருடைய சொல்லுக்கு அது கட்டுப்பட்டுச் செல்கிறது. எந்த உயரம், எந்தத் திசை, என்ன வேகம் என்பதெல்லாம் அவர் வாய்ச்சொல்லால் தீர்மானமாகின்றன. அவர் ஒரே சமயத்தில் பத்துப் பதினைந்து விமானங்களை மனத்தில் நிறுத்தி, இன்னும் ஐந்து நிமிஷங்களில் அவை ஒவ்வொன்றும் எங்கே இருக்கும் என்பதை இப்பொழுதே கண்டு நடக்க வேண்டும். அவர் ஆணையிடுகிறார், விமானி அதனைத் திருப்பிச் சொல்கிறார், திருப்பிச் சொன்னது சரிதானா என்பதை அதிகாரி செவி கொடுத்துக் கேட்கிறார். ஆகாயத்தின் பாதுகாப்பு முழுவதும் இந்தச் சிறு சடங்கின்மேல் நிற்கிறது என்று சொன்னால் அது மிகையாகாது.

இந்தச் சடங்கு பிசகினால் நேருவது என்ன? 1977-ம் வருஷம் மார்ச்சு 27-ந் தேதி டெனரீஃப் தீவில், மூடுபனிக்கிடையே, இரண்டு ஜம்போ விமானங்கள் ஓடுபாதையிலேயே மோதிக்கொண்டன. 583 பேர் மாண்டனர். புறப்பட அனுமதி கிடைக்காத ஒரு விமானம் அனுமதி கிடைத்ததாக எண்ணி ஓடத் தொடங்கியது. ரேடியோவில் பரிமாறிக்கொண்ட சில தெளிவற்ற சொற்கள் அந்தத் தவறான எண்ணத்தைக் கலைக்கவில்லை. அதன் பின்னர், புறப்பாட்டைக் குறிக்கும் சொல்லை உண்மையான அனுமதியின் போதன்றி வேறு எச்சமயத்திலும் வழங்கலாகாது என்று விதி செய்தனர். ஒரு சொல்லுக்கு உலகம் கொடுத்த விலை அது.

நம் நாட்டிலேயே நடந்ததை நாம் மறக்கவில்லை. 1996-ம் வருஷம் நவம்பர் 12-ந் தேதி, ஹரியானாவில் சர்க்கி தாத்ரி என்னும் ஊருக்கு மேலே, டில்லியிலிருந்து புறப்பட்ட சவூதி விமானமும், டில்லிக்கு வந்துகொண்டிருந்த கஜக்ஸ்தான் விமானமும் நேருக்கு நேர் மோதின. கஜக்ஸ்தான் விமானம் 15,000 அடி உயரத்தில் நிற்கும்படியாகவும், சவூதி விமானம் 14,000 அடியில் நிற்கும்படியாகவும் ஆணையிடப்பட்டிருந்தது. ஆணையில் பிழையில்லை. ஆயினும் கஜக்ஸ்தான் விமானம் தன் உயரத்தைக் காவாது கீழே இறங்கியது; 349 உயிர்கள் போயின. அக்காலத்து டில்லி ராடாரோ விமானங்களின் உயரத்தை அதிகாரிக்குக் காட்டவல்லதன்று. வானத்தில் நேர்ந்த மோதல்களில் இதைக் காட்டிலும் அதிக உயிர்ச்சேதம் விளைத்தது வேறில்லை.

மூன்றாவது உதாரணம் இன்னும் ஆழ்ந்து சிந்திக்கத் தக்கது. 2002-ம் வருஷம் ஜூலை 1-ந் தேதி இரவு, ஜெர்மனியின் தென்கோடியிலுள்ள யூபர்லிங்கன் நகருக்கு மேலே இரண்டு விமானங்கள் மோதி 71 பேர் இறந்தனர். அவர்களில் பெரும்பாலோர் விடுமுறைக்குச் சென்ற ருஷ்யப் பள்ளிச் சிறுவர்கள். அப்பகுதியைக் கவனித்து வந்த ஜூரிச் நிலையத்தில் அப்பொழுது ஒரே அதிகாரி, இரண்டு மேஜைகளின் வேலையைத் தனியே பார்த்துக்கொண்டிருந்தார். பழுது பார்க்கும் வேலையின் பொருட்டு முக்கியமான டெலிபோன் தொடர்பும், மோதல் எச்சரிக்கைச் சாதனத்தின் ஒரு பகுதியும் நிறுத்தப்பட்டிருந்தன. அவர் ருஷ்ய விமானத்தைக் கீழே இறங்கச் சொன்னார். அதே சமயத்தில் விமானத்திலிருந்த யந்திரம் மேலே ஏறச் சொல்லிற்று. விமானி மனிதன் சொல்லைக் கேட்டார். மற்ற விமானம் யந்திரத்தின் சொல்லைக் கேட்டு அதுவும் இறங்கியது. மனிதனும் யந்திரமும் முரண்பட்டால் எதைக் கேட்பது என்பதில் உலகம் முழுவதும் ஒரே தெளிவு அந்நாளில் இல்லை.

இம்மூன்று விபத்துக்களிலும் நாம் காண்பது யாது? வானக் காவலனுக்கு வேண்டியது விதிகளை ஒப்புவிக்கும் திறமை மட்டுமன்று. பிறர் தவறாகக் கேட்பார்கள், தவறாகச் செய்வார்கள், சாதனங்கள் உறங்கிவிடும் என்பதை எதிர்பார்த்து விழித்திருக்கும் பழக்கமே வேண்டும். எந்தப் பயிற்சி முறையையும் இந்த உரைகல்லில் தேய்த்துத்தான் மாற்றுக் காண வேண்டும்.

பஞ்சம் வந்த வரலாறு

யந்திர ஆசானைப் பற்றிய பேச்சு அமெரிக்காவில் ஏன் இவ்வளவு உரக்கக் கேட்கிறது என்பதை அறிய, நாற்பத்தைந்து வருஷங்கள் பின்னோக்கிச் செல்ல வேண்டும். 1981-ம் வருஷம் ஆகஸ்டு 3-ந் தேதி, ஊதிய உயர்வும் குறைந்த வேலை நேரமும் கோரி, ஏறக்குறைய 13,000 கட்டுப்பாட்டு அதிகாரிகள் வேலை நிறுத்தம் செய்தனர். 48 மணி நேரத்திற்குள் திரும்பாதவர்கள் வேலையை இழப்பார்கள் என்று ஜனாதிபதி ரீகன் எச்சரித்தார். சொன்னபடியே 11,000-க்கும் மேற்பட்டவர்களை நீக்கினார். அவர்களுடைய சங்கமும் அங்கீகாரத்தை இழந்தது. நீக்கப்பட்டோர் மீண்டும் அவ்வேலையில் சேரலாகாது என்ற தடை 1993-ம் வருஷம் ஜனாதிபதி கிளிண்டன் காலத்தில்தான் நீங்கியது.

அந்த வேலை நிறுத்தத்தின் நியாய அநியாயத்தை இங்கே நாம் விசாரிக்க முற்படவில்லை. அதன் விளைவையே கவனிக்கிறோம். காலியான இடங்களை நிரப்பச் சில வருஷங்களில் ஆயிரக் கணக்கானோரை ஒன்றாகச் சேர்த்தனர். ஒன்றாகச் சேர்ந்தவர்கள் ஒன்றாகவே ஓய்வு பெறுவார்கள் அன்றோ? அந்நாட்டு விதியின்படி 31 வயதுக்கு முன்னரே இவ்வேலையில் சேர வேண்டும்; 56 வயதில் விலகியே தீர வேண்டும். ஆகவே எந்த வருஷத்தில் எத்தனை பேர் போவார்கள் என்பதை ஒரு பள்ளிச் சிறுவனும் கணக்கிட்டுச் சொல்லிவிடலாம். தெரிந்தும் ஏற்பாடு செய்யவில்லை. 2020-ம் வருஷம் கொரோனா நோய் பரவியபோது ஓக்லஹோமா நகரிலுள்ள பயிற்சிக் கலாசாலை சில மாதங்கள் மூடப்பட்டது. 2025-ம் வருஷத்தில் சுமார் 3,000 அதிகாரிகள் குறைவு என்று சர்க்காரே ஒப்புக்கொண்டது. 2028-ம் வருஷ முடிவுக்குள் குறைந்தது 8,900 பேரைப் புதிதாகச் சேர்ப்பதாகத் திட்டமும் வெளியிட்டது.

அவ்வருஷம் அமெரிக்க வானத்திற்குக் கெட்ட வருஷம். ஜனவரி 29-ந் தேதி இரவு வாஷிங்டன் நகரில் இறங்கவிருந்த விமானமும் ராணுவ ஹெலிகாப்டரும் மோதி 67 பேர் இறந்தனர். ஹெலிகாப்டர் செல்லும் வழி விமானம் இறங்கும் பாதைக்கு மிக நெருங்கி அமைந்திருந்தது முதலாகிய காரணங்கள் பல உண்டு. எனினும், ஹெலிகாப்டர்களைக் கவனிக்கும் வேலையும் விமானங்களைக் கவனிக்கும் வேலையும் அன்றிரவு ஒரே அதிகாரியிடம் சேர்க்கப்பட்டிருந்தன என்பது பதிவான உண்மை. ஏப்ரல் மாதம் நியூவர்க் விமான நிலையத்தை நடத்தும் அதிகாரிகளின் ராடார் திரையும் ரேடியோவும் சுமார் 90 விநாடிகள் அணைந்துபோயின. அந்த அதிர்ச்சியால் சிலர் விடுப்பில் சென்றனர். அக்டோபர் முதல் தேதியிலிருந்து 43 நாட்கள் சர்க்காரின் வேலைகள் முடங்கியபோது, இவ்வதிகாரிகள் சம்பளமின்றியே உழைத்தார்கள். ஆள் போதாமையால் 40 விமான நிலையங்களில் போக்குவரத்தைக் குறைக்க நேர்ந்தது.

இந்தச் சூழ்நிலையில்தான், "யந்திரத்தைக் கொண்டு விரைவில் பழக்குவோம்" என்ற குரல் எழுகிறது. நோய் எங்கே உண்டாயிற்று என்பதை மறவாமல் மருந்தை ஆராய வேண்டும். இளைஞர்கள் மெதுவாகக் கற்றதால் இப்பஞ்சம் வரவில்லை. ஆட்சி நடத்தியோர் பல வருஷங்கள் அசிரத்தையாக இருந்ததால் வந்தது.

யந்திரம் செய்யக்கூடியது

பயிற்சி எப்படி நடக்கிறது? முதலில் வகுப்பறையில் விதிகள். பின்னர் சிமுலேட்டர் என்னும் பாவனைக் கூடம். அதன் பின் உண்மையான நிலையத்தில், அனுபவமிக்க அதிகாரி அருகில் அமர்ந்து, வேண்டும்போது குறுக்கிட்டுப் பேசும் உரிமையுடன் பார்த்துக்கொண்டிருக்க, மாணவர் உண்மையான விமானங்களை நடத்துகிறார். அமெரிக்காவில் கலாசாலைப் படிப்புச் சில மாதங்களில் முடிந்தாலும், நிலையத்தில் முழுத் தகுதி பெற இரண்டு மூன்று வருஷங்கள் ஆகும். பெரிய நிலையங்களில் இந்த இடைக்காலத்தில் தேறாமல் போகிறவர்களும் உண்டு.

பாவனைக் கூடத்தில் ஒரு சங்கடம் இருக்கிறது. மாணவர் ஆணையிட்டால் பதில் சொல்ல விமானிகள் வேண்டுமே? அடுத்த அறையில் சிலர் விமானி வேடம் பூண்டு அமர்ந்திருக்கின்றனர். அவர்கள் மாணவரின் ஆணையைக் கேட்டுத் திருப்பிச் சொல்லி, விசைப்பலகையைத் தட்டித் திரையிலுள்ள விமானத்தைத் திருப்புகின்றனர். ஒரு மாணவர் ஒரு மணி நேரம் பழகுவதற்கு இரண்டு மூன்று பேருடைய ஒரு மணி நேரம் செலவாகிறது. ஆசிரியருக்கும் வேடதாரிகளுக்கும் கூடத்திற்கும் ஒரே சமயத்தில் ஒழிவு கிடைத்தாலன்றி மாணவருக்குப் பழக்கம் கிடையாது.

இந்த இடத்தில்தான் யந்திரம் நன்றாகப் பொருந்துகிறது. வானத்து மொழி கடல் போன்ற மொழியன்று. சிறு குளம் போன்றது. சொற்கள் சில நூறே, அமைப்பும் விதிக்குட்பட்டது. ஒன்பதை 'நைனர்' என்றும், மூன்றை 'ட்ரீ' என்றும், ஐந்தை 'ஃபைஃப்' என்றும் உச்சரிக்கும்படி சர்வதேச விதியே இருக்கிறது. இத்தகைய மொழியைக் கேட்டு அறிந்து, பொருள் கண்டு, விமானத்தைத் திருப்பி, செயற்கைக் குரலில் பதிலும் சொல்லக் கணினியால் இயலும். பேச்சறியும் பாவனைக் கூடங்கள் அமெரிக்காவில் பல வருஷங்களாகவே உபயோகத்தில் இருக்கின்றன. புதிய நுண்ணறிவு முறைகளால் அவற்றின் செவி கூர்மையடைந்திருக்கிறது. சுவிட்ஜர்லாந்தைச் சேர்ந்த இடியாப் ஆராய்ச்சி நிலையத்தாரும் அவர்களுடன் கூடிய ஐரோப்பிய ஆராய்ச்சியாளரும், விமானி வேடதாரிக்குப் பதிலாக நிற்கவல்ல ஒரு யந்திரத்தைப் பற்றி 2023-ம் வருஷம் கட்டுரை வெளியிட்டனர்.

இதனால் விளையும் நன்மையைக் குறைத்துக் கூற மாட்டோம். மாணவர் இரவிலும் விடுமுறையிலும் தனியே பழகலாம். ஒரே பாடத்தைப் பத்து முறை கேட்டாலும் யந்திரம் சலித்துக்கொள்ளாது. மாணவரின் சமூகத்தையோ, ஊரையோ, ஆணா பெண்ணா என்பதையோ பார்த்து முகஞ்சுளிக்காது. எதில் அவர் தடுமாறுகிறாரோ அதற்கேற்ற பாடத்தை அமைத்துக் கொடுக்கும். வாழ்நாளில் ஒருமுறை வரக்கூடிய ஆபத்தை, வாரந்தோறும் பாவனையில் வரவழைத்துக் காட்டும். சங்கீதம் பயில்பவனுக்குச் சுருதிப் பெட்டி எவ்வளவு உதவியோ அவ்வளவு உதவியை இது செய்யும். ஆனால் சுருதிப் பெட்டி ஒருகாலும் குருவாகிவிடாது.

குரலும் உச்சரிப்பும்

முதல் ஆபத்து, யந்திரத்தின் பரிபூரணத்திலேயே இருக்கிறது. யந்திர விமானி சொன்னதைச் சொன்னபடியே திருப்பிச் சொல்லும். சொன்ன உயரத்தில் சொன்னபடியே நிற்கும். அதனோடு நூற்றுக் கணக்கான மணி நேரம் பழகிய மாணவரின் செவி, 'பதில் சரியாகத்தான் இருக்கும்' என்ற நம்பிக்கையில் தூங்கத் தொடங்கும். சர்க்கி தாத்ரியில் கீழே இறங்கியது யந்திர விமானியன்று. களைப்பும் அவசரமும் மொழிக் குறையும் உள்ள மனிதர்கள் நடத்திய விமானம். ஆகவே, தவறு செய்யத் தெரியாத யந்திரம் நல்ல ஆசான் ஆகாது. 250-ம் எண் உயர மட்டத்தை 240 என்று திருப்பிச் சொல்லவும், வேறொரு விமானத்துக்கு இட்ட ஆணையைத் தன்னுடையதென்று ஏற்றுக்கொள்ளவும், பதிலே சொல்லாமல் இருந்துவிடவும் அதற்குக் கற்பிக்க வேண்டும். மனிதன் எங்கெங்கே எப்படியெப்படித் தவறுகிறான் என்பதை யந்திரத்திற்கு எடுத்துச் சொல்லக்கூடியவர்கள், பல வருஷம் செவி தேய்ந்த பழைய அதிகாரிகளே.

இரண்டாவது ஆபத்து உச்சரிப்பைப் பற்றியது. இது நம்மைப் போன்ற தேசத்தாருக்கு மிக முக்கியமானது. வானத்தில் ஆங்கிலம் பேச வேண்டுமென்று விதித்தாலும், பேசுகிறவர்கள் பல நாட்டினர். ஆங்கிலத்தில் போதிய தேர்ச்சி இருந்தாலன்றி விமானியும் அதிகாரியும் சர்வதேசப் போக்குவரத்தில் ஈடுபடலாகாது என்ற ஏற்பாடு 2008-ம் வருஷம் மார்ச்சு மாதம் முதல் அமலில் இருக்கிறது. ஆயினும் தேர்ச்சி வேறு, உச்சரிப்பு வேறு. ஒரு யந்திரம் எந்தக் குரல்களைக் கேட்டு வளர்ந்ததோ, அந்தக் குரல்களையே நன்கு அறியும். ஜெர்மனியின் டி.எல்.ஆர். ஆராய்ச்சி நிலையத்தார் வியன்னா, பிராக் ஆகிய இரண்டு நகரங்களின் உரையாடல்களைக் கொண்டு செய்த ஆராய்ச்சியின் நோக்கமே, ஒவ்வொரு நிலையத்தின் வழக்குக்கும் யந்திரத்தின் செவியைத் தனித்தனியே பழக்குவதில் உள்ள பெருஞ்செலவை எப்படிக் குறைப்பது என்பதுதான். அண்டை நாடுகளாகிய ஆஸ்திரியாவுக்கும் செக் நாட்டுக்குமே தனித்தனிப் பழக்கம் வேண்டியிருக்கிறதென்றால், சென்னைக்கும் கோல்கத்தாவுக்கும் எவ்வளவு வேண்டும்?

அந்நியக் குரல்களில் வளர்ந்த யந்திரத்தை அப்படியே விலைக்கு வாங்கிவந்து நம் இளைஞர் முன் வைத்தால், அவர்கள் வானத்துக்காகப் பேசப் பழகமாட்டார்கள். யந்திரத்தின் செவிக்காகப் பேசப் பழகுவார்கள். சரியாகச் சொன்ன ஆணையை யந்திரம் அறியாவிட்டால், குற்றம் மாணவர்மேல் ஏறும். அவர் தம் பேச்சைச் செயற்கையாக வளைத்துக்கொள்வார். பின்னர் உண்மையான வானத்தில் அராபியரும் ருஷ்யரும் சீனரும் வங்காளியரும் தத்தம் நாவில் ஆங்கிலம் பேசும்போது, யந்திரத்தின் மழமழப்பான குரலுக்கே பழகிய செவி தடுமாறும்.

தேர்வாளராக யந்திரம்

மூன்றாவதும், நம் கருத்தில் மிகவும் கடுமையானதுமான ஆபத்து, யந்திரத்தைப் பயிற்சித் துணையாக வைத்துக்கொள்வதோடு நில்லாமல் தேர்வாளராக உயர்த்துவது. மாணவரின் கண் எங்கே செல்கிறது, குரல் எப்பொழுது நடுங்குகிறது, எத்தனை விநாடி தயங்கினார் என்பவற்றையெல்லாம் அளந்து, 'இவர் தேறுவார், இவர் தேறார்' என்று முன்கூட்டியே தீர்ப்பளிக்கக் கணினியால் முடியும் என்கிறார்கள். ஒரு மாணவருக்கு இத்தீர்ப்பு வாழ்நாள் தீர்ப்பாகும். அதற்குக் காரணம் கேட்டால் யந்திரம் என்ன சொல்லும்?

இது வீண் அச்சமன்று. 2014-ம் வருஷம் அமெரிக்காவில் இவ்வேலைக்கு மனுச் செய்தவர்களுக்கு, அவர்களுடைய வாழ்க்கை விவரங்களைப் பற்றிய ஒரு வினாத்தாளை முதற்கட்டச் சல்லடையாக வைத்தனர். பள்ளியில் எந்தப் பாடத்தில் குறைந்த மதிப்பெண் பெற்றீர் என்பது போன்ற கேள்விகளும் அதில் இருந்தன. எந்த விடைக்கு எத்தனை மதிப்பு, ஏன் அந்த மதிப்பு என்பது எழுதினவர்களுக்குத் தெரியாது. இத்துறைக்கென்றே கல்லூரியில் படித்துத் தயாரானவர்கள் பலர் காரணம் அறியாமலே தள்ளப்பட்டனர். பெருங்கூச்சல் எழுந்தது, வழக்குகள் நடந்தன, காங்கிரஸ் சபை தலையிட்டது, 2018-ம் வருஷம் அவ்வினாத்தாள் கைவிடப்பட்டது. மனிதர்கள் காகிதத்தில் செய்த மறைபொருள் கணக்கே இவ்வளவு கேடு விளைத்ததென்றால், அதைச் செய்தவர்களுக்கே முழுதும் விளங்காத யந்திரக் கணக்கு என்ன செய்யாது?

"மனித ஆசிரியர்களுக்கு மட்டும் பட்சபாதம் இல்லையா?" என்று கேட்பார்கள். உண்டு, மறுக்கவில்லை. ஆனால் மனிதனைக் கூப்பிட்டுக் காரணம் கேட்கலாம், மேலதிகாரியிடம் முறையிடலாம், அவன் கையெழுத்துக்கு அவனே பொறுப்பாளி. யந்திரம் எழுதிவைக்கும் குறிப்புகளை மாணவரும் ஆசிரியரும் ஒருங்கே பார்க்கட்டும்; அதனால் ஆசிரியரின் பட்சபாதமும் வெளிப்படும். சாட்சியாக யந்திரம் வரலாம். நீதிபதியாக அது அமரலாகாது.

இங்கிலாந்தில் விமானப் போக்குவரத்தை நடத்தும் நாட்ஸ் ஸ்தாபனமும், ஆலன் டூரிங் ஆராய்ச்சி நிலையமும், எக்ஸிடர் சர்வகலாசாலையும் சேர்ந்து 2021-ம் வருஷம் 'புளூபேர்ட்' என்னும் ஆராய்ச்சியைத் தொடங்கின. அந்நாட்டு வானத்தின் நகல் ஒன்றைக் கணினியில் அமைத்து, அதில் விமானங்களை நடத்த யந்திரத்தையே பழக்கிப் பார்க்கிறார்கள். அங்கே யந்திரம்தான் மாணவன்; அதன் திறமையை மனித மாணவர்க்குரிய அளவுகோலைக் கொண்டே மதிக்க முயல்கின்றனர். நமக்கு இது யோக்கியமான முறையாகத் தோன்றுகிறது. மனிதனை மதிப்பிட யந்திரத்தை அமர்த்துவதற்கு முன்னால், யந்திரத்தை மதிப்பிட மனிதன் அமர்வதே கிரமம்.

நம் நிலை

நம் நாட்டில் அலகாபாத்திலுள்ள விமானப் போக்குவரத்துப் பயிற்சி நிலையம் 1948-ம் வருஷம், சுதந்திரம் வந்த மறு வருஷமே, ஏற்பட்டது. அந்நிய உத்தியோகஸ்தர்கள் போன பின் நம் வானத்தை நாமே நடத்த வேண்டும் என்ற முன்யோசனை அக்காலத்தவர்க்கு இருந்தது. இன்று நம் வானம் டில்லி, மும்பை, கோல்கத்தா, சென்னை என நான்கு பெரும் பிரிவுகளாக நடத்தப்படுகிறது. சென்னை அதிகாரியின் ஆட்சி நிலத்தோடு நிற்பதன்று. வங்கக் கடலின் மீதும் இந்து மகா சமுத்திரத்தின் மீதும் வெகு தூரம் செல்கிறது. ராடாரின் கண் எட்டாத அந்நீர்ப்பரப்பில், விமானிகள் ரேடியோவிலும் எழுத்துச் செய்திகளிலும் அறிவிக்கும் இடத்தையும் நேரத்தையும் கொண்டு, விமானங்களை விலக்கி நடத்த வேண்டியிருக்கிறது. லண்டனிலோ வாஷிங்டனிலோ நெருக்கடி மிகுந்த நிலையத்துக்காகச் செய்த பாடம் இந்தச் சமுத்திரத்துக்குப் பொருந்தாது. இதற்குரிய பாடத்தை இந்த ஊர் அதிகாரிகளே அமைத்துக் கொடுக்க வேண்டும்.

2025-ம் வருஷம் நவம்பர் மாதத்தில் டில்லியில் நேர்ந்ததையும் நினைவு கூர்வோம். விமானங்களின் பிரயாணத் திட்டங்களைத் தானாகவே அனுப்பி வைக்கும் செய்தி மாற்று யந்திரம் பழுதுபட்டது. அதிகாரிகள் ஒவ்வொரு திட்டத்தையும் கையால் எடுத்து நடத்த வேண்டியதாயிற்று. 800-க்கும் மேற்பட்ட விமானங்கள் தாமதமாயின. தாமதம் நேர்ந்தது, விபத்து நேரவில்லை. ஏன்? யந்திரம் இல்லாமலும் வேலை செய்யத் தெரிந்தவர்கள் அங்கே இருந்தார்கள். யந்திரத்தின் மடியிலேயே வளரும் தலைமுறைக்கு அந்தத் திறமை இருக்குமா என்பதே நாம் கேட்கும் கேள்வி. யந்திரத்தோடு வேலை செய்யக் கற்பிக்கும் அளவுக்கு, யந்திரம் ஊமையாகும் நாளில் வேலை செய்யவும் கற்பிக்க வேண்டும்.

செய்ய வேண்டியவை

ஆகவே, நம் சர்க்காரும் விமான நிலைய அதிகார சபையும் இம்முறையைக் கைக்கொள்ளுமானால், சில நிபந்தனைகளை முதலிலேயே விதித்துக்கொள்ள வேண்டுமென்பது நமது அபிப்பிராயம். முதலாவது, யந்திரத்தின் செவியைப் பழக்க நம் நிலையங்களின் குரல்களைச் சேகரிக்க வேண்டும். பேசுவோரின் சம்மதத்துடன் சேகரித்த அக்குரல்கள் பொதுச் சொத்தாக இருக்க வேண்டும். அவற்றை அந்நியக் கம்பெனிக்கு இனாமாகக் கொடுத்துவிட்டுப் பின்னர் அவர்களிடமே யந்திரத்தை விலைக்கு வாங்குவது, பருத்தியைக் கொடுத்துத் துணியை வாங்கிய பழைய கதையாகும். இரண்டாவது, நிலையத்தில் அனுபவசாலியின் அருகே அமர்ந்து பழகும் காலத்தை, யந்திரப் பயிற்சியைக் காரணங்காட்டி ஒரு நாளும் குறைக்கலாகாது. மூன்றாவது, மாணவரைத் தேற்றுவதும் தள்ளுவதும் கையெழுத்திட்டுப் பொறுப்பேற்கும் மனிதரிடமே இருக்க வேண்டும். காரணம் எழுத்தில் தரப்பட வேண்டும். முறையிட வழியும் வேண்டும். நான்காவது, பாடங்களை அமைப்பதிலும் யந்திரத்தைச் சோதிப்பதிலும் வேலை செய்யும் அதிகாரிகளுக்கும் அவர்களுடைய சங்கத்துக்கும் இடமளிக்க வேண்டும்.

இவை எல்லாவற்றுக்கும் மேலானது ஒன்றுண்டு. யந்திர ஆசான் வந்துவிட்டான் என்று சொல்லிக் காலியான இடங்களை நிரப்பாமல் விடலாகாது. யூபர்லிங்கனில் தனியே இருந்தவருக்குக் குறைவாயிருந்தது பயிற்சியன்று. பக்கத்து நாற்காலியில் அமர்ந்திருக்க வேண்டிய இன்னொரு மனிதர். எவ்வளவு உயர்ந்த பயிற்சியும் ஒருவரை இருவராக்கிவிடாது. களைத்தவனுக்கு ஓய்வு கொடுப்பதும், இருவர் வேலைக்கு இருவரை வைப்பதும், ஓய்வு பெறுவோரைக் கணக்கிட்டு ஐந்து வருஷங்களுக்கு முன்பே புதியவரைச் சேர்ப்பதும் ஆட்சியாளரின் கடமை. அந்தக் கடமையை எந்த யந்திரத்தின் தலையிலும் கட்டிவிட முடியாது.

இரவு நடுநிசியில் நம் தலைக்கு மேலே நூற்றுக் கணக்கானோர் உறங்கிக்கொண்டே செல்கிறார்கள். தங்கள் விமானத்தைக் கீழேயிருந்து ஒருவர் விழித்துக் கவனிக்கிறார் என்ற நம்பிக்கையே அவர்களுடைய உறக்கம். அவரைப் பழக்குவதற்கு எத்தனை யந்திரங்கள் வேண்டுமானாலும் வரட்டும், நாம் வரவேற்போம். விழித்திருப்பவர் மனிதராகவும், போதிய ஓய்வு பெற்றவராகவும், தம் சொல்லுக்குத் தாமே பொறுப்பேற்பவராகவும் இருக்க வேண்டும். அதற்கு வேண்டியதைச் செய்ய ஆட்சியாளர் தவறினால், அடுத்த விபத்துக்குப் பிறகு யந்திரத்தைக் குறைகூறிப் பயனில்லை.